சங்கில் ஒரு வெற்றிலை: மின்கருவியால் செதுக்கப் பழகுபவர்களுக்கு

ராமேஸ்வரம், கன்னியாகுமரி கடைத்தெருக்களில் சங்கின் மேல் பெயர் பொறித்துத் தருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். பேனா பிடிப்பதுபோல ஒரு சின்னக் கருவி, அதன் நுனியில் கடுகளவு உருண்டை, பல் மருத்துவரிடம் கேட்கிற அதே சத்தம். நாம் பக்கத்துக் கடையில் பாசிமணி பேரம் பேசி முடிப்பதற்குள் பெயர் தயாராகிவிடும். பார்க்கச் சுலபமாக இருக்கிறதே என்று நானும் ஒரு கருவியை வாங்கி வந்து உட்கார்ந்தேன். முதல் எழுத்து முடிவதற்குள் நுனி வழுக்கி ஓரத்துக்கு ஓடியது. முடி எரிந்தாற்போல ஒரு வாடை. கோடு போட்ட இடமெல்லாம் டீக்கறை மாதிரி பழுப்பு. கருவி மட்டம் என்று முடிவு செய்து இன்னும் விலை கூடியதை வாங்கினேன். அதிலும் அதே வாடைதான் வந்தது.

சங்கை நான் கல் என்று நினைத்ததுதான் கோளாறு. அது எப்படிக் கட்டப்பட்ட பொருள் என்று தெரிந்துகொண்டபின், எந்த வேகம், எதற்குத் தண்ணீர், எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் கிட்டத்தட்ட தானாகவே புரிந்துவிட்டது. அதனால் கருவிக்கு முன்னால் சங்கைப் பார்ப்போம்.

சங்கு, சிப்பி, கிளிஞ்சல் எல்லாவற்றிலும் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இருப்பது கால்சியம் கார்பனேட். வெற்றிலையில் தடவுகிற சுண்ணாம்பைக் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுத்தானே எடுத்தார்கள். அந்தச் சரக்குதான், சுடாத நிலையில். மீதமுள்ள சில பங்கு புரதம். உள்ளே வாழ்கிற நத்தையோ சிப்பியோ கடல் நீரிலிருந்து சுண்ணத்தை எடுத்து, இந்தப் புரதத்தைப் பசைபோல இடையில் வைத்து, அடுக்கடுக்காகத் தன் வீட்டைக் கட்டுகிறது. நமக்கு வந்த வாடை அந்தப் பசை கருகுகிற வாடை. முடியும் புரதம்தான் என்பதால் இரண்டுக்கும் ஒரே நாற்றம்.

சங்கு சுட்டாலும் வெண்மை தரும் என்பார்கள். அது சூளையில் முழுதாகச் சுடும்போது உண்மை. நம் கருவி சுடுவது அரைகுறையாக. அரைகுறையாகச் சுட்டால் வருவது பழுப்பு.

அடுக்குகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதில்தான் ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் வித்தியாசம். நம் பூசைச் சங்கு பிளைவுட் மாதிரி. நுண்ணிய தகடுகள் ஓர் அடுக்கில் ஒரு திசையிலும் அடுத்த அடுக்கில் அதற்குக் குறுக்காகவும் கிடக்கும். விரிசல் ஒன்று புறப்பட்டால் ஒவ்வோர் அடுக்கிலும் திரும்பித் திரும்பிப் போகவேண்டும், பாதியிலேயே களைத்துவிடும். அதனால் சங்கு லேசில் உடையாது, எந்தத் திசையில் செதுக்கினாலும் ஓரம் ஓரளவு கூர்மையாக நிற்கும். நிறம் மட்டும் பீங்கான் மாதிரி வெள்ளை, வானவில் பளபளப்பு கிடையாது.

முத்துச்சிப்பியின் உள்பக்கம் வேறு கட்டுமானம். அங்கே ஓடு பாவியதுபோலத் தட்டையான சில்லுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மைக்ரான் தடிமன். அதாவது ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குள் சுமார் 2,000 அடுக்கு. ஒளியின் அலைநீளத்துக்கு நெருக்கமான தடிமன் என்பதால்தான் பச்சையும் ரோஜாவுமாக மினுங்குகிறது. அந்த மினுக்கில் மயங்கி இதில் ஆரம்பிப்பவர்கள் அதிகம். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கருவியின் நுனி ஓரத்தில் மாட்டினால் சில்லு சில்லாகப் பெயரும். கிண்ணம்போலக் குடைந்தால் அடுக்குகள் சரிவாக வெட்டுப்பட்டு, வரைபடத்தில் மலைக்குப் போடுகிற வளையக் கோடுகள் மாதிரி தெரியும். தெரிந்து செய்தால் அழகு, தெரியாமல் வந்தால் வேலை கெட்டதுபோல இருக்கும்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்தில் தோர்ரே தெல் கிரேகோ என்றொரு ஊர். அங்கே வெளியே வெள்ளை, உள்ளே பழுப்பு என்று இரண்டு நிற அடுக்குள்ள கடல்நத்தை ஓடுகளை எடுத்து, வெள்ளையில் முகத்தைச் செதுக்கி, சுற்றிலும் பழுப்பு தெரியும்வரை சுரண்டிவிடுவார்கள். கேமியோ என்கிற பதக்கம் அதுதான். அதை அவர்கள் பெரும்பாலும் கை உளியால் செய்கிறார்கள். எந்த ஆழத்தில் எந்த அடுக்கு இருக்கிறது என்று கண்டுகொள்வதுதான் அங்கேயும் பாதி வேலை.

எந்தச் சங்கு?

கடற்கரையில் பொறுக்கியதை வைத்துத் தொடங்க ஆசை வரும். வெயிலிலும் அலையிலும் கிடந்து வெளுத்த ஓட்டில் அந்தப் புரதப் பசை பெரும்பாலும் போயிருக்கும். செதுக்கினால் சாக்பீஸ் மாதிரி உதிரும். மேலே குண்டூசியால் குத்தியதுபோலப் பொட்டுப் பொட்டாக ஓட்டை இருந்தால் துளைபோடும் கடற்பஞ்சு உள்ளே சுரங்கம் வெட்டியிருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு சங்கால் தட்டிப் பாருங்கள். நல்ல ஓடு கணீரென்று கேட்கும், செத்த ஓடு தொப்பென்று கேட்கும்.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நாட்டிலஸ், ராட்சதச் சிப்பியான டிரைடாக்னா, டிரைட்டன் சங்கு, கொம்புள்ள தலைக்கவசச் சங்கு போன்றவை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பவை. யாராவது ரகசியமாக மலிவு விலைக்குத் தருகிறேன் என்றால் நடையைக் கட்டுங்கள்.

தொடங்க ஏற்றது அறுப்பில் மிஞ்சிய துண்டுதான். தமிழ்க் கடற்கரைக்குச் சங்கறுப்பு புதிதல்ல. கொற்கையிலும் அழகன்குளத்திலும் அகழ்ந்தபோது அறுத்த சங்குகளும் வளையல் துண்டுகளும் கிடைத்தன. கீழடியிலும் சங்கு வளையல் கிடைத்திருக்கிறது. சங்கப் பாடல் ஒன்றில், வாளரத்தால் வளையல்களை அறுத்தெடுத்தபின் மிஞ்சுகிற சங்கின் நுனி, முறுக்கு அவிழாத பகன்றை மொட்டுக்கு உவமையாக வருகிறது. பட்டறைக் குப்பையை நின்று பார்த்த ஒருவருக்குத்தான் அப்படித் தோன்றும். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணைப் பக்கத்திலும் எடுத்த சங்கு நெடுங்காலமாக வங்காளத்துக்குப் போகிறது. அங்கே மணமான இந்துப் பெண்கள் அணிகிற ஷாங்கா வளையல் அதில் செய்வதுதான். பிஷ்ணுபூரிலும் டாக்காவின் ஷாங்காரி பஜாரிலும் முன்பு பிறைபோல வளைந்த கனத்த ரம்பத்தைக் கையால் இழுத்து அறுத்தார்கள். பிற்பாடு மோட்டாரில் சுழலும் ரம்பம் வந்தது. அறுப்பில் வளையம் போக நடுத்தண்டு, வாய் ஓரம், நுனி என்று துண்டுகள் மிஞ்சும். முழுச் சங்கை விட விலை எவ்வளவோ குறைவு, கெட்டாலும் மனசு வலிக்காது. சங்கின் பெரிய சுற்றிலிருந்து வந்த, 4 அல்லது 5 மி.மீ. கனமுள்ள, லேசாக வளைந்த துண்டு கிடைத்தால் அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேகமும் சூடும்

கடினத்தை அளக்க 1 முதல் 10 வரை மோஸ் அளவு என்று ஒன்று உண்டு. நம் நகம் சுமார் இரண்டரை, சங்கு மூன்றரையிலிருந்து நான்கு, கத்தி இரும்பு ஐந்தரை, ஆற்றுமணல் ஏழு, வைரம் பத்து. ஆக, சங்கை வெட்டுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. அரத்தால் ராவினாலே தேயும். சூடேறாமல் வெட்டுவதுதான் காரியம்.

கருவி மூன்று வகையில் கிடைக்கும். ஹார்டுவேர் கடைகளில் மினி கிரைண்டர் என்று தருகிற கையடக்கக் கருவி ஒன்று. நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேலும் போகும். நகைப் பட்டறைகளில் ஆணியில் தொங்கும் மோட்டாரும், அதிலிருந்து பாம்புபோல வளைந்து வரும் தண்டும், கையில் மெல்லிய பிடியும் உள்ள பெண்டன்ட் மோட்டார் இரண்டாவது. பல் செட் செய்பவர்கள் வைத்திருக்கும் மைக்ரோமோட்டார் மூன்றாவது. வாங்குவதென்றால் என் ஓட்டு பின்னிரண்டுக்கும்தான். காரணம் தண்ணீர். சங்கை நனைத்து நனைத்துத்தான் செதுக்கவேண்டும். மினி கிரைண்டரின் மோட்டாரோ உங்கள் கைக்குள்ளேயே இருக்கிறது, காற்றுத் துளைகளோடு. பெண்டன்ட் மோட்டார் தலைக்கு மேலே தொங்கும்; மைக்ரோமோட்டாரின் பிடிக்கு வருவது குறைந்த மின்னழுத்தம். எதை வைத்துக்கொண்டாலும் அந்த பிளக்குக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. காப்பு, அதாவது மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச், இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நுனியில் மாட்டுகிற வெட்டுமுனைக்கு பர் என்று பெயர். வைரத்தூள் ஒட்டிய பர் போதும். கடுகு உருண்டை, மிளகு உருண்டை, தீச்சுடர் வடிவம், உருளை, ஓரம் கூர்ந்த சிறு சக்கரம் என்று ஐந்து இருந்தால் ஒரு வருடம் ஓட்டலாம். தண்டு 2.35 மி.மீ., 3 மி.மீ. என்று வெவ்வேறு அளவில் வரும். கருவிக்குச் சேருகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

வேகத்தில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். கருவியில் போட்டிருக்கும் எண் சுற்றின் எண்ணிக்கை. சங்கைச் சுடுவது விளிம்பின் வேகம். 20,000 சுற்றில் ஒரு மி.மீ. உருண்டையின் விளிம்பு விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் ஓடுகிறது. அதே சுற்றில் 20 மி.மீ. வெட்டுத்தகடு 20 மீட்டர் ஓடும். அதனால் சின்ன பருக்கு வேகம் கூடுதலாக வைக்கலாம், பெரிய பர் மாட்டியவுடன் குறைக்கவேண்டும். இந்த ஒரு கணக்கை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இரண்டாவது கருவி வாங்கியிருக்கமாட்டேன்.

அழுத்தாதீர்கள். பர் வெட்டவில்லை என்றால் ஒன்று தேய்ந்திருக்கும், இல்லையென்றால் சங்குமாவு அப்பி அடைத்திருக்கும். தண்ணீரில் நனைத்த செங்கல் துண்டில் ஓடும் பரை லேசாகத் தொட்டால் அடைப்பு விட்டுவிடும்.

தண்ணீரின் வேலை சூட்டைத் தணிப்பது மட்டுமல்ல. அமெரிக்காவின் மஸ்கட்டீன் ஊரில் ஜான் போப்பிள் என்ற ஜெர்மானியர் 1891இல் ஆற்றுச்சிப்பிப் பொத்தான் தொழிலைத் தொடங்கினார். அங்கே இயந்திரத்தில் வட்டம் வெட்டுமுன் சிப்பிகளை நாள்கணக்கில் ஊறப்போடுவது வழக்கம். காய்ந்த சிப்பி நொறுங்கும், தூசும் பறக்கும். நானும் துண்டை முந்தைய இரவே தண்ணீரில் போட்டுவிடுகிறேன்.

தூசைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சங்குத்தூள் கொடிய விஷம் என்று பயமுறுத்துபவர்கள் உண்டு, அவ்வளவெல்லாம் இல்லை. அதற்காக அலட்சியமும் கூடாது. அதிலுள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் கொண்டுவரும். 19ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் முத்துச்சிப்பி கடைந்த இளம் தொழிலாளர்களுக்கு எலும்பு வீங்கி வலிக்கும் நோய் வந்ததை மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஈரத்தில் வேலை செய்யுங்கள், என்-95 முகக்கவசம் போடுங்கள், கண்ணாடி அணியுங்கள். மேசையில் தெறித்தது காய்ந்தால் மறுபடி தூசுதான். பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். துணிக் கையுறை வேண்டாம், சுழலும் தண்டில் சுற்றிக்கொள்ளும். துப்பட்டா, அவிழ்ந்த முடி, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றுக்கும் அதே கதிதான்.

வெற்றிலை

முதல் வேலைக்கு வெற்றிலை வடிவப் பதக்கத்தைச் சொல்வேன். வளைந்த துண்டு இலைக்குப் பொருந்தும், கோடு கொஞ்சம் கோணினாலும் இலை இலைதான். தவிர, சுண்ணாம்பிலேயே ஒரு வெற்றிலை செய்வதில் எனக்கு ஒரு குஷி.

முதலில் கைபேசி டார்ச்சைத் துண்டின் பின்னால் பிடியுங்கள். மெல்லிய இடம் இளஞ்சிவப்பாக ஒளிவிடும், கனத்த இடம் மங்கலாக இருக்கும். உள்ளே விரிசல் இருந்தால் கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். காம்பு வரவேண்டிய பக்கம் கனமான இடத்தில் விழும்படி பென்சிலால் இலையை வரையுங்கள். பழுப்புத் தோல் ஒட்டியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு வரையவேண்டும்.

அடுத்தது செதுக்கல் என்று நினைப்பீர்கள். இல்லை, கயிறு கோக்கும் துளை. துளை போடும்போதுதான் துண்டு உடையும் வாய்ப்பு அதிகம். நான்கு மணிநேரம் செதுக்கியபின் உடைவதற்கு, ஒன்றுமே செய்யாதபோது உடையட்டும். அடியில் பழைய ரப்பர் செருப்புத் துண்டை வைத்து, ஒன்றரை மி.மீ. முனையால் பாதி ஆழம் முன்பக்கத்திலிருந்தும் மீதியைப் பின்பக்கத்திலிருந்தும் துளையுங்கள். ஒரே பக்கமாகத் துளைத்தால் மறுபக்கம் பொத்துக்கொண்டு வரும்போது சில்லு பெயரும்.

அப்புறம் ஓரத்தை வெட்டுத்தகட்டால் நேர்நேர் வெட்டுகளாகக் கழித்து, மிச்சத்தை உருளை பரால் தேய்த்து இலை வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தில் தண்ணீர் வைத்து, இரண்டு மூன்று விநாடி வெட்டு, ஒரு முக்கு, மறுபடி வெட்டு. சில நிமிடத்தில் இந்தத் தாளம் கைக்கு வந்துவிடும். வாடை வந்தால் தாளம் தப்பியிருக்கிறது.

கருவியைப் பேனாபோலப் பிடித்து, அந்தக் கையின் சுண்டுவிரலைச் சங்கின்மேலோ மற்றக் கையின்மேலோ ஊன்றிக்கொள்ளுங்கள். ஊன்றாத கை கட்டாயம் வழுக்கும். பர் சுழல்கிற திசையிலேயே தள்ளினால் அது சக்கரம்போல உருண்டு ஓடப்பார்க்கும். என் முதல் எழுத்து ஓடியது இப்படித்தான். எதிர்த்திசையில் இழுங்கள், அடங்கி வெட்டும்.

நடு நரம்பை எழும்பி நிற்க வைக்கவேண்டும். அதற்கு நரம்பைத் தொடக்கூடாது. இரண்டு பக்கமும் கூர்சக்கர பரால் மெல்லிய கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே மிளகு உருண்டையால் இலைப்பரப்பைத் தாழ்த்திக்கொண்டே போகவேண்டும். நரம்பின் அடியில் ஆழம் அதிகம், ஓரத்தை நோக்கி ஏறும் சரிவு. 5 மி.மீ. கனத்தில் ஒன்றரை மி.மீ.க்குமேல் ஆழம் போகவேண்டாம். இடையிடையே டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் வருகிறதா? ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்றால் அங்கே போதும். அளவுகோலைவிட வெளிச்சம் துல்லியமாகச் சொல்லும். கிளை நரம்புகளுக்குத் தீச்சுடர் பரால் தாழ்ந்த கோடுகள் போதும். எல்லாவற்றையும் எழும்ப வைக்கிறேன் என்று போனால் முதல் இலை முடியாது.

ஈரமாக இருக்கும்போது எல்லாமே வழவழப்பாகத்தான் தெரியும். துடைத்துக் காயவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள், கீறல்கள் எழுந்து நிற்கும். அவற்றை எடுப்பதற்குப் பெயின்டர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பர் வேண்டும்: 220, 400, 800, 1200, 2000 என்று வரிசையாக (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்), எல்லாம் ஈரத்தில். ஒரு தாளின் கீறல் முழுக்கப் போகாமல் அடுத்ததற்குத் தாவினால் 2000இல் உட்கார்ந்து அழவேண்டியிருக்கும். நரம்பு ஓரங்களுக்குத் தாளை ஐஸ் குச்சியில் ஒட்டிக்கொள்ளலாம். கடைசியில் துணிச்சக்கரத்தில் மெருகுப்பசை தொட்டு, குறைந்த வேகத்தில். இங்கேயும் சூடு ஏறும், மறக்கவேண்டாம். துடைத்தபின் ஒரு துளி பேபி ஆயில் போதும். தேங்காய் எண்ணெய் சிக்குவாடை அடிக்கும்.

இத்தனை தேய்ப்பானேன், ஆசிட்டில் முக்கினால் நொடியில் பளபளக்குமே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், சங்குத் தொழிலில் அதைச் செய்கிறார்கள். ஆசிட் மேற்பரப்பை நுரைக்க நுரைக்கக் கரைக்கிறது. கீறலோடு சேர்த்து நீங்கள் பாடுபட்டு எடுத்த நரம்பின் கூர்மையையும் தின்றுவிடும். முத்துச்சிப்பியில் பட்டால் மினுக்கே போய்விடும். புகை வேறு. முதல் இலைக்குத் தேவையே இல்லை.

இன்னொன்று மிச்சம், தாம்பாளத்துத் தண்ணீர். பால் மாதிரி வெளுத்திருக்கும். அதை வாஷ்பேசினில் ஊற்றினால் குழாயின் வளைவில் படிந்து அடைக்கும். எனக்கு பிளம்பர் செலவு வைத்த பிறகுதான் தெரிந்தது. ஒரு வாளியில் ஊற்றி ராத்திரி முழுக்கத் தெளியவிட்டால் மேலே தண்ணீர், அடியில் வெள்ளைக் கூழ் என்று பிரிந்து நிற்கும். தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் இருப்பதை நான் கொல்லை முருங்கையடியில் கொட்டுகிறேன்.